ஜும்ஆ உரை: ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் ரயில்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, அருமை வாலிபர்களே!

இன்று வாலிபர்களிடம்தான் அதிகம் பேசப் போகிறேன். பெரியவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும், "ஹஜ்ரத் உன்னைத்தான் சொன்னாரு" என்று மகனிடம் ஆரம்பித்துவிடாதீர்கள். உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

நம் பள்ளத்தாக்குக்கு 1928-லேயே ரயில் வந்துவிட்டது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ஓடிய அந்த மீட்டர் கேஜ் ரயிலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியோடு அது நின்றது. பிறகு 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15 முதல் போடி வரைக்கும் மறுபடி ரயில் வந்தது. அன்றே சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரம் மூன்று நாள் எக்ஸ்பிரஸும் தொடங்கினார்கள். நடுவில் 12 வருஷம் போய்விட்டது. இன்று 20 வயதில் இருக்கும் பையன் அப்போது கைக்குழந்தையாகவோ பால்வாடி போகிறவனாகவோ இருந்திருப்பான். அத்தா கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டியில் எப்படி உட்காருவது, பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று பழக வேண்டிய வயதில் அவனுக்கு ஊரில் ரயிலே இல்லை. அவன் ரயில் பழகியதெல்லாம் காலேஜ் போன பிறகு, கூட்டாளிகளோடு, கும்பலாக. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

சில நாள் முன்பு இஷாவுக்குப் பிறகு ஒரு அத்தா வந்து கேட்டார். "ஹஜ்ரத், பெரியவன் கூட்டாளிகளோட சென்னைக்கு ஃபுட்பால் மேட்ச் பாக்கப் போறேங்கிறான். நேரு ஸ்டேடியத்துல மேட்சாம். முடிஞ்சதும் நைட்டு ரயில் ஏறி காலையில தேனிக்கு வந்துருவோம்ங்கிறான். அனுப்பலாமா, வேணாமா?"

முதலில் அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டைப் பார்ப்பதே பாவம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் ஈட்டி வைத்து விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் காட்டினார்கள். அன்னைக்குச் சலிக்கும்வரை கூடவே நின்றார்கள். புகாரியில் இருக்கிறது. ஒட்டகப் பந்தயமும் நடந்திருக்கிறது. நாயகத்தின் ஒட்டகம் அள்பாவை யாராலும் முந்த முடியாது என்று ஸஹாபாக்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ஒரு கிராமத்து அரபி இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு முகம் வாடிவிட்டது. அதைக் கவனித்த நாயகம் (ஸல்) அவர்கள், இந்த உலகத்தில் உயர்ந்து நிற்கும் எதையும் அல்லாஹ் ஒரு நாள் இறக்கியே தீருவான் என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள். அணி தோற்றதற்காக இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கும் தம்பிகள் இந்த ஹதீஸைத் தனியாக எடுத்து வாசியுங்கள்.

ஆப்பில் பணம் கட்டி யார் கோல் போடுவார் என்று பந்தயம் வைப்பது சூது. அதில் சந்தேகமே வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு ஜும்ஆ வேண்டும், இன்று விட்டுவிடுகிறேன். அளவு மீறிய ரசிப்பும் அப்படித்தான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022 உலகக் கோப்பையின்போது, கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆற்றுக்குள்ளே மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் பனை உயரத்துக்குக் கட்அவுட் வைத்தார்கள். சமஸ்தாவின் குத்பா கமிட்டி அப்போதே எச்சரித்தது. வீண்விரயம் செய்யாதீர்கள், ஆட்டத்துக்காகத் தொழுகையை விடாதீர்கள் என்றார்கள். அதைச் சிலர் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களில் எத்தனை பேர் மறுநாள் சுபுஹுக்கு வந்தார்கள் என்று அவரவர் கல்புக்குத் தெரியும்.

அந்த அத்தாவுக்கு நான் சொன்ன பதில் இது. அனுப்புங்கள் பாய். அவன் போவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. எப்படித் திரும்பி வருகிறான் என்பதுதான் கவலை.

அவருக்கு அது புரியவில்லை. அதனால்தான் இன்று விரிவாகப் பேசுகிறேன்.

2012 பிப்ரவரி 1. எகிப்தில் போர்ட் சயீத் நகரம். உள்ளூர் அணியின் பெயர் அல்-மிஸ்ரீ. கெய்ரோவிலிருந்து வந்த அணி அல்-அஹ்லீ. ஆட்டத்தில் உள்ளூர் அணி 3-1 என்று ஜெயித்தது. கவனியுங்கள், ஜெயித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். சந்தோஷமாகக் கலைந்து போயிருக்கலாம். ஆனால் விசில் ஊதியதும் அந்தப் பக்கத்துக் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, வெளியூர் ரசிகர்கள் இருந்த பக்கம் போனது. அவர்கள் வெளியேறும் வழிக்கு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. மிதிபட்டும் நசுங்கியும் மேலேயிருந்து விழுந்தும் 74 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வாலிபர்கள், பள்ளிக்கூடம் போகிற வயதுப் பையன்களும் உண்டு. அதே நேரம் கெய்ரோவில் ஜமாலிக் அணியின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. செய்தி வந்ததும் அதைப் பாதியில் நிறுத்தினார்கள்.

இதற்குப் பின்னால் அரசியல் இருந்தது, காவல்துறை கைகட்டி நின்றது என்றெல்லாம் அன்றே பேசினார்கள். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. அன்றிரவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உயிர் தப்பியவர்கள் ரயிலில் கெய்ரோவுக்குத் திரும்பினார்கள். ரம்சேஸ் ரயில் நிலையத்தில் பெரும் கூட்டம் காத்து நின்றது. அந்தப் பிளாட்பாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேட்ச் பார்க்கப் போன பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரயில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு பெட்டியாக இறங்குகிறார்கள். காத்திருப்பவர்கள் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார்கள். கடைசிப் பெட்டியும் காலியான பிறகு, தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்காத தகப்பன் எந்தப் பக்கம் நடப்பான்?

அரபி தெரிந்தவர்களுக்கு இதில் இன்னொரு வேதனை. மிஸ்ரீ என்றால் எகிப்துக்காரன். அஹ்லீ என்றால் தேசத்தவன், சொந்த மண்ணின் ஆள். இரண்டு பெயருக்கும் ஏறக்குறைய ஒரே அர்த்தம்தான். ஒரே மொழி, ஒரே கிப்லா. பெரும்பாலும் இரு பக்கமும் லாயிலாஹ இல்லல்லாஹ் சொல்லும் வாய்கள். பிரித்துக் காட்டியது சட்டையின் நிறம் மட்டும்.

எகிப்துதானே என்று தள்ளிவிடாதீர்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசலில், ஐபிஎல் கோப்பை ஜெயித்த அணியைப் பார்க்கக் கூடிய நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அங்கே சண்டைகூட இல்லை, வெறும் சந்தோஷம்தான். 2022 மார்ச் 20 அன்று கோவாவில் ஐஎஸ்எல் இறுதி ஆட்டம். கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடுவதைப் பார்க்க மலப்புரம் மாவட்டத்திலிருந்து பைக்கில் கிளம்பிய இரண்டு இளைஞர்கள் காசர்கோடு மாவட்டம் உதுமாவில் விபத்தில் மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஆட்டம் தொடங்கும் முன்பே அவர்களின் ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த வயதுப் பிள்ளைகள் இங்கே பின் ஸஃப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் ராத்திரி முழுக்க பைக் ஓட்டுவதைவிட ரயிலில் போய் வருவது எவ்வளவோ மேல் என்று நானே சொல்கிறேன்.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! பயணத்துக்கு அரபியில் ஸஃபர் என்று பெயர். அந்த வேர்ச்சொல்லுக்குத் திரையை விலக்குவது, வெளிப்படுத்துவது என்ற பொருள் உண்டு. மனிதனின் குணத்தை வெளியே கொண்டுவந்துவிடுவதால்தான் ஸஃபர் என்று பெயர் வந்தது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றவர்கள் விளக்குகிறார்கள். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். உம்மைத் தெரிந்தவர் யாரையாவது கூட்டி வாரும் என்றார்கள். இன்னொருவர் எழுந்து, எனக்கு இவரைத் தெரியும், நல்ல மனிதர் என்றார். நீர் இவருக்கு அண்டை வீட்டுக்காரரா? இல்லை. காசு பணம் கொடுத்து வாங்கியிருக்கிறீரா? இல்லை. கூடப் பயணம் செய்திருக்கிறீரா? அதுவும் இல்லை. அப்படியானால் உமக்கு இவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். நம் பெட்டிக்குள்ளும் இதுதான் நடக்கிறது. பள்ளியில் முதல் ஸஃப்பில் நிற்பவர் யார், ஜன்னலோர இருக்கைக்காகக் கத்துபவர் யார் என்று ஆண்டிப்பட்டி தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

பயணங்களிலும் போகும் பயணம் வேறு, திரும்பும் பயணம் வேறு. போகும்போது ஒரு நோக்கம் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது. திரும்பும்போது உடம்பு ஓய்ந்திருக்கும். ஜெயித்திருந்தால் தலை கனக்கும், தோற்றிருந்தால் நெஞ்சு எரியும். கூட்டத்தில் இருப்பதால் நான் செய்தேன் என்ற எண்ணமே யாருக்கும் வராது. எல்லோரும் செய்தது, எவனும் செய்யாதது மாதிரி ஆகிவிடும்.

நாயகத்தின் வரலாற்றில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பனூ முஸ்தலிக் படையெடுப்பு. ஹிஜ்ரி 5 என்றும் 6 என்றும் சொல்லப்படுகிறது. முஸ்லிம்களுக்கு வெற்றி. முரைஸீஃ என்ற நீர்நிலையின் பக்கம் தங்கியிருந்தார்கள். தண்ணீர் எடுக்கும் இடத்தில் இரண்டு பேருக்குள் தள்ளுமுள்ளு. ஒருவர் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் குதிரையைப் பார்த்துக்கொண்ட ஜஹ்ஜாஹ். இன்னொருவர் அன்ஸாரிகளைச் சார்ந்த ஸினான். அடி விழுந்தது. ஒருவர் முஹாஜிர்களே என்று குரல் கொடுத்தார். மற்றவர் அன்ஸாரிகளே என்று குரல் கொடுத்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் திரண்டுவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். முஹாஜிர் என்பது கெட்ட பெயரா? அன்ஸார் என்பது கெட்ட பெயரா? குர்ஆன் புகழ்ந்த பெயர்கள் அவை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி, நியாயம் எது என்று பார்க்காமல் ஆள் சேர்த்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் கோபத்தோடு வந்தார்கள். இது ஜாஹிலிய்யத்தின் கூப்பாடு, இதை விடுங்கள், இது நாற்றமெடுத்தது என்ற கருத்தில் கண்டித்தார்கள். ஜாபிர் (ரலி) அறிவித்து புகாரியில் வருகிறது. குர்ஆன் புகழ்ந்த பெயருக்கே இந்த நிலை என்றால், யாரோ ஒரு முதலாளி காசு கொடுத்து வாங்கிய அணியின் பெயரைச் சொல்லி ரயில் பெட்டியில் ஒருவன் சட்டையைப் பிடிப்பதை என்னவென்று சொல்வது?

பிரச்சினை அதோடு முடியவில்லை. முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை அந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். மதீனாவுக்குத் திரும்பியதும் கண்ணியமானவர்கள் இழிவானவர்களை வெளியேற்றிவிடுவார்கள் என்று பேசினான். அல்முனாஃபிகூன் சூராவின் 8-வது வசனத்தில் அல்லாஹ் இதைப் பதிவு செய்திருக்கிறான். சின்ன வயதுக்காரரான ஸைத் பின் அர்கம் (ரலி) அதைக் கேட்டு வந்து சொன்னார். உமர் (ரலி) அவர்களுக்குப் பொறுக்கவில்லை, அவனை வெட்டிவிடலாம் என்றார்கள். முஹம்மது தம் தோழர்களையே கொல்கிறார் என்று மக்கள் பேசும்படி ஆகிவிடும் என நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. வழக்கமாகப் பயணம் கிளம்பாத நேரத்தில், கிளம்புங்கள் என்றார்கள். மீதிப் பகல் முழுக்க நடந்தார்கள். இரவு முழுக்க நடந்தார்கள். மறுநாள் வெயில் சுடும்வரை நடந்தார்கள். அப்புறம்தான் இறங்கச் சொன்னார்கள். உடம்பு தரையில் பட்டதும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பேசிப் பேசிப் புண்ணைக் கீறிக்கொள்ள யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. ஸீரத் ஆசிரியர்கள் இந்தக் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

கூட்டம் சூடாக இருக்கும்போது அதனோடு விவாதிக்காதீர்கள். நகர்த்துங்கள். அடுத்த அணிக்காரன் அதே பெட்டியில் ஏறினால் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். தூங்குங்கள். சென்ட்ரலில் ரயில் ஏறியதும் படுத்துத் தூங்குவது எவ்வளவு பெரிய இபாதத் என்று அன்றிரவுதான் தெரியும்.

இதே பனூ முஸ்தலிக் பயணத்தில் திரும்பும் வழியில்தான் இன்னொன்றும் நடந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்தது. தேடப் போனார்கள். ஒட்டகச் சிவிகை காலி என்று தெரியாமல் தூக்கி வைத்துவிட்டு படை கிளம்பிவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) தன் ஒட்டகத்தில் அன்னையை ஏற்றி, தான் நடந்தே கூட்டி வந்தார். கண்ணியமான உதவி அது. அதைப் பார்த்தவன் வாயில் அவதூறாக மாறியது. மதீனா முழுக்க ஒரு மாதம் அந்தப் பேச்சு. அல்லாஹ் சூரா நூரில் வசனங்களை இறக்கி அன்னையின் தூய்மையை அறிவித்தான். நாவிலிருந்து நாவுக்குக் கடத்தியவர்களைக் கண்டித்தான். நீங்கள் அதைச் சின்ன விஷயமாக நினைத்தீர்கள், அல்லாஹ்விடம் அது பெரியது என்ற கருத்தில் 15-வது வசனம் இருக்கிறது.

ஒரு சின்னப் படை, ஒரே பயணம், திரும்பும் வழியில் இரண்டு பெரிய ஃபித்னா. ஒன்று சண்டை, ஒன்று அவதூறு.

இன்று அந்த நாவுக்குப் பதில் கையில் போன் இருக்கிறது. மேட்ச் முடிந்து கும்பலாக வரும்போது பத்து பேராவது வீடியோ எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். எதிர் சீட்டில் தூங்கும் பெரியவரின் வாய் பிளந்திருப்பது, கைக்குழந்தையோடு சங்கடப்படும் ஒரு பெண், அழுகிற தோற்ற அணியின் பையன், எல்லாம் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. ரயில் மதுரை வருவதற்குள் நூறு குரூப்புக்குப் போய்விடுகிறது. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகாசம் செய்ய வேண்டாம், பரிகசிக்கப்படுபவர்கள் அவர்களைவிட மேலானவர்களாக இருக்கலாம் என்று ஹுஜுராத் சூராவின் 11-வது வசனம் தடுக்கிறது. அந்தப் பெண் யார் வீட்டுப் பெண்? நம் பள்ளத்தாக்குக்கு வரும் ரயில் அது. போடியிலோ தேனியிலோதான் இறங்கப் போகிறாள்.

சென்ட்ரலுக்கு எதிரே இருப்பது ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை. நேரு ஸ்டேடியமும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். ஆக, இரவு ரயிலில் இரண்டு வகை ஆட்களும் ஏறுவார்கள். ஆட்டம் பார்த்துவிட்டு கொடியோடு வருகிறவர்கள் ஒரு பக்கம். பல நாள் வராந்தாவில் படுத்து வைத்தியம் பார்த்து, தையல் போட்ட வயிற்றோடு டிஸ்சார்ஜ் ஆகி வருகிறவர்கள் இன்னொரு பக்கம். உங்கள் ஊதல் அவர்களுக்கு எப்படிக் கேட்கும்? லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன உபதேசத்தில், குரலைத் தாழ்த்து என்பதும், குரல்களில் வெறுக்கத்தக்கது கழுதையின் குரல் என்பதும் இருக்கிறது. இதை நான் சொல்லவில்லை தம்பி, சூரா லுக்மானின் 19-வது வசனத்தைப் பாருங்கள்.

இருக்கையும் ஹக்குதான். ரிசர்வ் செய்தவர் வந்து கேட்டால், நாங்க பத்து பேர் இருக்கோம், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க என்று அவரை மிரட்டி உட்காருவது அபகரிப்பு. அவர் மனமுவந்து நகர்ந்தால் மட்டுமே ஹலால். டிக்கெட் இல்லாமல் வருவது அதைவிட மோசம். அது பொதுச்சொத்து, கோடிக்கணக்கான பேருக்குக் கடன்பட்டவனாகிவிடுகிறோம். முன்பு அப்படி வந்திருந்தால் வழி இருக்கிறது. அதே தூரத்துக்கு டிக்கெட் எடுத்து, பயணம் செய்யாமல் கிழித்துப் போடுங்கள். ரயில்வேக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும் என்று உலமாக்கள் சொல்வார்கள். தவ்பாவோடு அதையும் செய்யுங்கள்.

படியில் தொங்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 156-வது பிரிவு அதைக் குற்றம் என்கிறது. கூட்டாளி பிளாட்பாரத்தில் டீ குடிக்கிறான் என்று சங்கிலியை இழுத்தால் 141-வது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ வரலாம். ஆனால் சட்டத்துக்கு முன்னால் குர்ஆன் இருக்கிறது. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் அல்பகரா சூராவின் 195-வது வசனம் வருகிறது. செல்ஃபிக்காகப் படியில் நின்று கையை விட்டவனைத் தற்கொலை செய்தவன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் உம்மாவிடம் ஜனாஸாவை ஒப்படைக்கும் வேலையை அல்லாஹ் எந்த இமாமுக்கும் கொடுக்க வேண்டாம்.

போதை விஷயம் நமக்கு ஹராம் என்று தெரியும். கத்தாரில் இருந்து இதை வாசிக்கும் தம்பிகள் 2022-இல் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். உலகக் கோப்பை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஸ்டேடியங்களில் மது விற்பனை இல்லை என்று அறிவித்தார்கள். உலகமே கூச்சல் போட்டது. கடைசியில் இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர்களில் ஒருவர்கூடக் கைதாகவில்லை என்று பிரிட்டன் போலீஸே சொன்னது. குடிக்காத கூட்டம் வீடு திரும்பும் விதமே வேறு.

இப்போது தொழுகைக்கு வருகிறேன். இதையும் ஒரு திரும்பும் பயணத்திலிருந்தே சொல்கிறேன். கைபரிலிருந்து திரும்பும்போது நாயகம் (ஸல்) அவர்கள் இரவு நெடுநேரம் நடந்து, தூக்கம் மிகைத்ததும் இறங்கினார்கள். விழித்திருந்து எங்களைப் பார்த்துக்கொள்ளும் என்று பிலால் (ரலி) அவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். பிலால் தன்னால் முடிந்த மட்டும் தொழுதார். பஜ்ர் நெருங்கும்போது கிழக்கைப் பார்த்தபடி தன் வாகனத்தில் சாய்ந்தார். அவரையும் தூக்கம் மிகைத்தது. வெயில் பட்டுத்தான் எழுந்தார்கள். கொஞ்ச தூரம் தள்ளிப் போய், ஒளுச் செய்து, ஜமாஅத்தாகவே அந்தத் தொழுகையை நிறைவேற்றினார்கள். முஸ்லிமில் இருக்கிறது.

இதைத் தூங்குவதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் கும்பலில் பிலால் யார்? நாயகம் (ஸல்) ஒருவரை நியமித்துவிட்டுத்தான் தூங்கினார்கள். நீங்கள் யாரை நியமித்தீர்கள்? பயணத்தில் மூன்று பேர் இருந்தாலே ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. டிக்கெட் யார் போடுவது, பிரியாணி யார் வாங்குவது என்று குரூப்பில் பிரித்துக்கொள்கிறீர்களே, சுபுஹுக்கு எழுப்புவது யார் என்பதையும் எழுதுங்கள். இரவில் சென்னையில் ஏறினால் பெரும்பாலும் திண்டுக்கல்லை நெருங்கும்போது பஜ்ர் நேரம் இருக்கும். அலாரம் ஒருவன் போனில் மட்டும் வேண்டாம், இரண்டு பேர் போனில் வையுங்கள்.

நிற்க முடிந்தால் நின்று தொழுங்கள். கிப்லாவைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள், ரயில் திரும்பினால் நீங்களும் திரும்புங்கள். நடைபாதையை மறித்து ஜமாஅத் வைத்து, பாத்ரூம் போகிறவர்களை நிறுத்தி வைக்காதீர்கள். இரண்டிரண்டு பேராகத் தொழுதால் போதும். பெட்டியில் தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கும், ஹவுளில் உட்கார்ந்து செய்வது போல ஒளுச் செய்ய வேண்டாம். நம் ஹனஃபி மத்ஹபில் சுமார் 78 கிலோமீட்டர் பயணத்தை நாடி ஊர் எல்லையைத் தாண்டியவர் லுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்தாகத் தொழ வேண்டும். திரும்பி ஊர் எல்லைக்குள் நுழையும்வரை அந்தச் சட்டம்தான். மேட்ச் தொடங்கும் முன்பே மஃக்ரிபைத் தொழுதுவிடுங்கள். இஷா இரண்டே ரக்அத். இடைவேளையில் சமோசா வரிசையில் நிற்கும் நேரத்தைவிடக் குறைவு.

அத்தாமார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை போவது தெரியாமல் போவதைவிட, உங்களுக்குத் தெரிந்து போவது நல்லது. வேண்டாம் என்று கதவைச் சாத்தினால், அவன் கூட்டாளி வீட்டில் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குமுளி வழியாகக் கொச்சிக்குப் போவான். அப்போது எந்த பஸ், எந்த ரயில், யாரோடு என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. அதனால் அமீர் யார் என்று கேளுங்கள். அவன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டை உங்கள் காசில் நீங்களே போட்டுக் கொடுங்கள். உறுதியான பெர்த் இருந்தால் படியில் நிற்க மாட்டான். வாலிபர்களே, நீங்களும் ரயில் ஏறியதும் வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள். உம்மா தூங்காமல்தான் இருப்பார்கள், மணி எத்தனை ஆனாலும் செய்யுங்கள். பயணம் என்பது வேதனையின் ஒரு துண்டு, தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுப்பது, வந்த வேலை முடிந்ததும் சீக்கிரம் குடும்பத்திடம் திரும்புங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் சென்னையில் சுற்றிவிட்டு வரலாம் என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிக்கு வந்து இரண்டு ரக்அத் தொழுவார்கள். அதன் பிறகே வீடு. நீங்கள் காலையில் தேனியில் இறங்கி, பஸ் பிடித்து ஊருக்கு வரும்போது பள்ளி பூட்டியிருக்கலாம். மோதினாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சாவி அவர் வீட்டில் இருக்கும். அணியின் சட்டையோடு வந்தாலும் பரவாயில்லை, உருவப் படம் இருந்தால் மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று மோதினார் கேட்பார், அவருக்கும் ஃபுட்பால் பிடிக்கும். பதில் சொல்லிவிட்டுப் போய்த் தொழுங்கள்.

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.